சாங்கிப் பீரங்கியும் அதற்கு வாய்த்த குண்டும்



சாங்கி என்ற பெயரைக் கேட்டதும் இன்றைய பிள்ளைகளுக்கு விமான நிலையம் நினைவுக்கு வரும். வயதில் மூத்தவர்கள் இருக்கும் வீட்டில் அது சப்பான்காரன் காலத்துச் சிறைச்சாலையின் பெயர். இந்த இரண்டையும் விட்டுவிட்டு, சிங்கப்பூரின் கிழக்கு மூலையிலே அந்தச் சாங்கியில் ஒரு காலத்தில் நின்றிருந்த மூன்று பீரங்கிகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பீரங்கியைப் பற்றி என்பதைக் காட்டிலும் அதற்குள் போட்ட குண்டைப் பற்றி என்று சொல்வதே பொருத்தம். சாங்கியில் தொடங்கி, இக்காலத்து டாங்கிகள் சுடுகின்ற குண்டு வரைக்கும் போவோம். பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியனுக்குப் பீரங்கிக் குண்டில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நம் நாட்டுத் தோட்டங்களின் வழியாகவே அந்தப் போர் நடந்து போயிற்று. அது விட்டுச் சென்ற இரும்பு இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. ஆகவே நமக்கும் அதில் வேலை இருக்கிறது.

முதலில் அந்தப் பீரங்கிகள். ஆங்கிலேயர் சிங்கப்பூரின் வடகரையில் செம்பவாங்கில் பெரியதொரு கடற்படைத் தளம் கட்டினார்கள். அதற்குள் நுழையும் கடல்வழியின் கிழக்கு வாசலில் சாங்கி இருக்கிறது. எதிரியின் போர்க்கப்பல்கள் அந்த வாசல் வழியே வந்துவிடாதபடி காவல் காக்க, 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று அங்கே நிறுத்தப்பட்டன. 15 அங்குலம் என்பது குழாய் வாயின் அகலம். குழாயின் நீளமோ 50 அடிக்கு மேல். ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்கள் 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்காக 5 லட்சம் பவுன் அன்பளிப்புச் செய்தார். அந்தப் பணத்தின் பெரும்பகுதி இந்தப் பாதுகாப்புக்கே செலவாயிற்று. அதனால்தான் அந்த இடத்துக்கு ஜோகூர் பீரங்கி மேடை என்று பெயர் வந்தது.

அந்தப் பீரங்கி சுடும் குண்டு ஒன்றின் எடை ஏறக்குறைய 880 கிலோ. தோட்டத்தில் நாம் சுமக்கும் செம்பனைக் குலை ஒன்று 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், 44 குலைகளை ஒன்றாகக் கட்டி 20 மைல் தூரத்துக்கு வீசுவது போல என்று எண்ணிப் பாருங்கள். மனிதன் கையால் தூக்க முடியாத அந்தக் குண்டுகளை வைப்பதற்கு நிலத்துக்கு அடியில் கிடங்குகளும் சுரங்க வழிகளும் அமைத்திருந்தார்கள். போருக்குப் பின் அவை மண் மூடி மறந்தே போயின. 1991-இல்தான் சிங்கப்பூர்ச் சிறைத்துறையினர் அவற்றை மறுபடி கண்டெடுத்தார்கள். 2002 முதல் அந்த இடத்தில் பீரங்கியின் மாதிரி ஒன்று பொதுமக்கள் பார்வைக்கு நிற்கிறது. சுற்றுலா போகிறவர்கள் விமான நிலையத்தோடு திரும்பிவிடாமல் அதையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

இந்தப் பீரங்கிகளைப் பற்றி ஒரு கதை ஊரெல்லாம் வழங்குகிறது. "வெள்ளைக்காரன் பீரங்கியைக் கடலைப் பார்த்து வைத்தான், சப்பான்காரன் பின்வாசல் வழியாக வந்துவிட்டான், பீரங்கியைத் திருப்பவே முடியவில்லை" என்பது அந்தக் கதை. கேட்பதற்குச் சுவையாக இருப்பதால் நிலைத்துவிட்டது. ஆனால் சாங்கியைப் பொறுத்தவரை அது உண்மையில்லை. சாங்கிப் பீரங்கிகள் நிலத்தை நோக்கியும் திரும்பின. திரும்பியது மட்டுமல்ல, சுடவும் சுட்டன. 1942 பிப்ரவரி 8-ஆம் தேதி இரவு ஜப்பானியப் படை ஜோகூர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் இறங்கியது. அப்போது ஜோகூர் பாரு பக்கமும், தெங்கா, புக்கிட் தீமா பக்கங்களிலும் சாங்கியிலிருந்து பறந்துபோன குண்டுகள் விழுந்தன. ஆனாலும் எதிர்பார்த்த பலன் இல்லை. ஏன்?

விடை கிடங்குக்குள் இருந்தது. பீரங்கிக் குண்டு என்று நாம் ஒரே சொல்லால் சொல்கிறோம். அதிலே அடிப்படையாக இரண்டு சாதி உண்டு. ஒன்று கவசம் துளைக்கும் குண்டு. கப்பலின் பக்கச் சுவர் ஓர் அடி கனமுள்ள எஃகாகக்கூட இருக்கும். அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே போக வேண்டுமானால் குண்டே கெட்டியான எஃகாக இருக்க வேண்டும். எனவே அதன் உடம்பெல்லாம் இரும்பு, வெடிமருந்து மிகச் சொற்பம். மொத்த எடையில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். அதுவும் மோதிய உடனே வெடித்துவிடக் கூடாது. சுவரைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் வெடிக்க வேண்டும். ஆகவே ஃபியூஸ் என்னும் வெடிமூட்டியைச் சற்றுத் தாமதித்து வேலை செய்யும்படி அமைத்திருப்பார்கள்.

மற்றொன்று வெடிகுண்டு வகை. இதன் ஓடு மெல்லியது, உள்ளே மருந்து நிறைய. தரையைத் தொட்டவுடன் வெடித்து, ஓடு நூற்றுக்கணக்கான சில்லுகளாகச் சிதறும். திறந்த வெளியில் நிற்கும் படைவீரர்களையும் லாரிகளையும் தாக்குவதற்கென்றே செய்யப்பட்டது.

சாங்கியின் 15 அங்குலப் பீரங்கிகளுக்காக அடுக்கி வைத்திருந்தவை கப்பலுக்கான குண்டுகள். நிலத்தில் சிதறக்கூடிய வகை மற்றக் கரையோரப் பீரங்கிகளுக்குக்கூட மிகச் சிலவே இருந்தன. கப்பல் கவசத்தைத் துளைக்கச் செய்த குண்டு ரப்பர்க் காட்டிலும் சதுப்பு நிலத்திலும் விழுந்தால் என்ன ஆகும்? தடுக்க எஃகு எதுவும் இல்லாததால் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிடும். அப்புறம்தான் வெடிக்கும். சேறும் மண்ணும் கிளம்பும், பெரிய பள்ளம் உண்டாகும். பக்கத்தில் படுத்திருக்கும் சிப்பாய்க்குக் காது அடைக்குமே தவிர, அவன் எழுந்து நடந்துவிடுவான். பூட்டு ஒன்று, சாவி வேறொன்று என்ற கதைதான். கடல்வழியாகக் கப்பல் வரும் என்று கணக்குப் போட்டு வாங்கிய குண்டுகள் அவை. அந்தக் கப்பல்கள் வரவே இல்லை. சில நாட்களில் ஆங்கிலேயரே அந்தப் பீரங்கிகளை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்று அதற்கு நான்கு வாரங்களுக்கு முன்னால் ஜோகூரில், மூவாருக்கு அருகே பக்ரி என்ற இடத்தில் நடந்தது. அங்கே கப்பலுக்குப் பதிலாக டாங்கிகள் வந்தன. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி படையெடுத்து வந்த ஜப்பானியர், கூடவே டாங்கிகளையும் கொண்டுவந்தார்கள். மலாயாக் காட்டில் டாங்கி ஓடாது என்று ஆங்கிலேயத் தளபதிகள் நம்பியிருந்தபடியால், இங்கே அவர்களிடம் ஒரு டாங்கிகூட இல்லை. ஆனால் காட்டுக்கு நடுவே அவர்களே போட்ட அருமையான தார்ச்சாலை இருந்தது! 1942 ஜனவரி 7-ஆம் தேதி, இருட்டு விலகுமுன்னே, பேராக்கில் துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரைக்கும் அந்தச் சாலையிலேயே டாங்கிகள் வரிசையாக ஓடிவந்து, காவலுக்கு நின்ற இந்தியப் படைப்பிரிவுகளைச் சிதறடித்தன. இரு மருங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள். அங்கே லயங்களில் படுத்திருந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள்.

அதே வெற்றியை மறுபடியும் காணலாம் என்ற துணிச்சலில், ஜனவரி 18-ஆம் தேதி பக்ரிச் சாலையில் ஒன்பது இலகுவகை டாங்கிகள் காலாட்படைத் துணையில்லாமல் வந்தன. ஆஸ்திரேலியப் படையினர் இரண்டு சிறு பீரங்கிகளோடு காத்திருந்தார்கள். 40 மில்லிமீட்டர் வாய், ஒரு கிலோ அளவுள்ள குண்டு. சாங்கிப் பீரங்கிக்கு முன்னால் விளையாட்டுச் சாமான்தான். முதலில் கவசம் துளைக்கும் குண்டைச் சுட்டார்கள். குண்டு சரியாகவே பட்டது. ஆனால் டாங்கி நிற்கவில்லை. அந்த ஜப்பானிய டாங்கியின் கவசம் கனத்த இடத்திலேயே 12 மில்லிமீட்டர்தான். கெட்டி இரும்புக் குண்டு துணிக்குள் ஊசி போவதுபோல ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் வெளியே போய்விட்டது. பீரங்கிக்காரர்கள் அதைக் கவனித்து, உடனே வெடிக்கும் குண்டுக்கு மாற்றினார்கள். பிறகு அந்த ஒன்பது டாங்கிகளில் ஒன்றும் திரும்பிப் போகவில்லை.

பக்ரியிலும் சாங்கியிலும் சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள்தான். வித்தியாசம் பெட்டிக்குள் இருந்தது. பக்ரியில் இரண்டு வகைக் குண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. சாங்கியில் ஒரே வகை. பீரங்கியின் அளவைப் பார்த்து மலைக்கிற பழக்கம் நம்மிடையே அதிகம். அணிவகுப்பில் குழாயைத்தானே காட்டுகிறார்கள், குண்டுப் பெட்டியை யாரும் காட்டுவதில்லை. ஆனால் எந்த அரசாங்கமானாலும் அதன் புத்திசாலித்தனம் தெரிவது கிடங்கில்தான் என்பது என் அபிப்பிராயம்.

இனி டாங்கிக் குண்டுக்கு வருவோம். டாங்கிக்குள் இடம் குறைவு. இன்றைய ஜெர்மன் லெப்பர்ட் 2 டாங்கியில் 42 குண்டுகள்தான் ஏற்ற முடியும். அந்த 42-இல் எதிரி டாங்கியைத் துளைக்க எத்தனை, கட்டடத்தையும் ஆட்களையும் தாக்க எத்தனை என்று கிளம்பும்முன்பே முடிவு செய்தாக வேண்டும். சாங்கியில் செய்த அதே கணக்குதான். இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் ஆங்கிலேய டாங்கிகள் இந்தக் கணக்கில் இடறின. நான் முன்பு சொன்ன 40 மில்லிமீட்டர்ப் பீரங்கியைத்தான் தங்கள் டாங்கிகளிலும் வைத்திருந்தார்கள். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அவற்றுக்கு வெடிக்கும் குண்டு கொடுக்கப்படவில்லை, கெட்டி இரும்புதான். தூரத்தில் மறைந்திருந்து சுடும் ஜெர்மன் பீரங்கிக்காரர்களை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து இரண்டு வகைக் குண்டையும் சுடும் 75 மில்லிமீட்டர்ப் பீரங்கியுள்ள டாங்கிகள் 1942-இல் வந்துசேர்ந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

அதற்குள் கவசமும் கனத்துக்கொண்டே போயிற்று. கனத்த கவசத்தைத் துளைப்பது எப்படி? ரப்பர் மரம் வெட்டுகிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உளி கூர்மையாக இருந்தால் பட்டையில் வழுக்கிக்கொண்டு போகிறது, மழுங்கினால் எவ்வளவு அழுத்தினாலும் இறங்குவதில்லை. கையின் பலம் அதேதான். அந்தப் பலம் எவ்வளவு சிறிய இடத்தில் சேருகிறது என்பதே கேள்வி. ஆகவே குண்டு மெலிதாகவும், கனமாகவும், வேகமாகவும் இருக்க வேண்டும். ஆனால் மெலிந்த குண்டை அகன்ற குழாயில் போட்டால் சுற்றிலும் இடைவெளி வழியே புகை கசிந்து வேகம் போய்விடுமே? இங்கேதான் ஒரு நல்ல தந்திரம் கண்டார்கள். மெல்லிய, கனத்த கட்டையைச் சுற்றி இலேசான உறை ஒன்றைப் பொருத்தினார்கள். குழாய்க்குள் இருக்கும்வரை உறை இடத்தை நிரப்பித் தள்ளும். வெளியே வந்ததும் உறை பிரிந்து விழுந்துவிடும். கட்டை மட்டும் பறக்கும். வெயில் காலத்தில் ரப்பர்க் காய் 'பட்'டென்று வெடித்து ஓடு தனியே விழ, விதை தூரப் போய் விழுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதுதான். பிரெஞ்சுக்காரர்கள் இந்த உறைக்கு மரக்காலணி என்று பொருள்படும் 'சபோ' என்ற பெயரை வைத்தார்கள். 1944-இல் ஆங்கிலேயர் இதைப் போர்க்களத்தில் இறக்கினார்கள்.

துளைக்க இன்னொரு வழி வேகத்தையே நம்பாதது. வெடிமருந்தின் முன்பக்கத்தைப் புனல் போலக் குடைந்து, அந்தக் குடைவுக்குள் செம்புத் தகடு ஒன்றைப் பதித்துவிட்டால், வெடிக்கும்போது அந்தச் செம்பின் ஒரு பகுதி மெல்லிய கம்பியாகப் பிதுங்கி முன்னோக்கிப் பாய்கிறது. அதன் வேகம் விநாடிக்குப் பல கிலோமீட்டர். எந்த எஃகும் அதற்கு வழிவிடும். குடைந்த வெடிமருந்தின் இந்தக் குணத்தை 1888-இலேயே மன்ரோ என்ற அமெரிக்க விஞ்ஞானி கவனித்து எழுதிவைத்தார். 1930-களில்தான் அதைப் போர்க்கருவியாக்கினார்கள்.

மூன்றாவது வகை ஆங்கிலேயருக்குப் பிரியமானது. குண்டு கவசத்தில் பட்டதும், சுவரில் வறட்டி தட்டினாற்போல வெடிமருந்து அப்பிக்கொள்ளும். அதன் பிறகே வெடிக்கும். கவசம் துளைபடாது. ஆனால் அந்த அதிர்ச்சியில் உட்பக்கத்து எஃகு சில்லுசில்லாகப் பெயர்ந்து உள்ளிருப்போரைத் தாக்கும். கட்டடங்களை இடிப்பதற்கும் இதே குண்டு உதவும். இந்த வகை, சுழன்றுகொண்டே போனால்தான் நன்றாக வேலை செய்யும்.

சுழற்சி என்றதும் ஒரு சிக்கல் வருகிறது. பம்பரம் சுழலும்வரை விழாது அல்லவா? அதுபோலக் குண்டையும் சுழலவிட்டால் நேராகப் போகும் என்று குழாயின் உட்சுவரில் புரிபோல வரிகள் வெட்டியிருப்பார்கள். ஆனால் செம்புக் கம்பியாகப் பாயும் குண்டு சுழன்றால் அந்தக் கம்பி சிதறிப் பலம் குறைகிறது. சபோக் குண்டின் கட்டையையும் இன்னும் நீளமாக்கப் போனால், சுழற்சியால் அதை நேராக நிறுத்த முடிவதில்லை. கட்டைப் பம்பரம் சுழலும், ஈட்டி சுழலுமா? ஆகவே சோவியத் நாட்டார் வரிகளையே நீக்கிவிட்டு, வழுவழுப்பான குழாய் செய்தார்கள். அம்புக்கு இறகு வைப்பதுபோல ஈட்டிக்கு வால் இறகு வைத்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் டி-62 என்ற டாங்கி அவ்விதமான 115 மில்லிமீட்டர்ப் பீரங்கியோடு வந்தது. இன்று உலகின் பெரும்பாலான டாங்கிகள் அதே வழியில்தான் போகின்றன. வால் இறகுள்ள அந்த ஈட்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய ஒரு மைல் தூரம் போகிறது. அதற்குள் வெடிமருந்தே கிடையாது. வேகமும் கனமும்தான் ஆயுதம்.

கனத்துக்கு டங்ஸ்டன் என்ற உலோகத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு லிட்டர் டின் நிறைய தண்ணீர் ஒரு கிலோ. அதே டின் அளவு இரும்பு எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. டங்ஸ்டனோ 19 கிலோ! பேராக் தோட்டங்களில் இருப்பவர்கள் ஒரு செய்தி கேளுங்கள். ஈப்போவுக்கு அருகில் கிராமாட் பூலாய் சுரங்கத்திலிருந்து 1930-களில் டங்ஸ்டன் தாது ஏராளமாக எடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியில் டங்ஸ்டன் கலவையால் இந்த ஈட்டிகளைச் செய்வதற்கென்றே ஓர் அரசாங்கத் தொழிற்சாலை இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்து ஆவடியில் டாங்கி செய்கிறார்கள், திருச்சியில் அதன் குண்டுக்கு ஈட்டி செய்கிறார்கள். அமெரிக்கா டங்ஸ்டனுக்குப் பதிலாக, அணு உலை எரிபொருள் தயாரிப்பில் மிஞ்சுகின்ற யுரேனியத்தைப் பயன்படுத்துகிறது. 1991 வளைகுடாப் போரில் அதைச் சுட்டார்கள். 2023-இல் உக்ரேனுக்கும் அந்த வகைக் குண்டைப் பிரிட்டனும் அமெரிக்காவும் கொடுத்தன. அது துளைக்கும்போதே தீப்பற்றித் தூளாகும். அந்தத் தூள் நஞ்சு. போர் முடிந்த பிறகு அந்த நிலத்தில் குடியிருப்பவர்களின் மூச்சிலும் கிணற்றிலும் அது சேரக்கூடும் என்ற கவலை இன்னும் ஓயவில்லை.

இந்தக் குண்டுகள் நாட்டுக்கு நாடு பரவிய விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1959-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த 105 மில்லிமீட்டர்ப் பீரங்கியை அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி, ஜப்பான், சுவீடன், இஸ்ரேல் என்று பல நாடுகள் ஏற்றன. ஆவடியில் 1960-களிலிருந்து செய்த விஜயந்தா டாங்கியிலும் அதே பீரங்கிதான். ஒரு நாட்டுத் தொழிற்சாலையில் செய்த குண்டு இன்னொரு நாட்டுக் குழாயில் சரியாக நுழையும். வாங்குகிறவருக்கு வசதி, விற்கிறவருக்கு லாபம். அதன்பின் மேற்கு நாடுகள் 120 மில்லிமீட்டருக்கும், சோவியத் வழி வந்தவர்கள் 125 மில்லிமீட்டருக்கும் போனார்கள். இந்தியா அர்ஜுன் டாங்கிக்கு மட்டும் வரி வெட்டிய 120 மில்லிமீட்டர்க் குழாயையே வைத்துக்கொண்டது. வறட்டிக் குண்டு வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம்.

நம் பக்கத்துக் கதையையும் பாருங்கள். சிங்கப்பூர் 1969 ஆகஸ்ட் 9 தேசிய நாள் அணிவகுப்பில் ஏ.எம்.எக்ஸ்-13 என்ற பிரெஞ்சு டாங்கிகளை முதன்முதலாக ஓட்டிக் காட்டியது. அதன் 75 மில்லிமீட்டர்ப் பீரங்கி, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் பாந்தர் டாங்கியில் இருந்த பீரங்கியைப் பார்த்துச் செய்ததாகும். தோற்ற நாட்டின் பீரங்கி வென்ற நாட்டுக்குப் போய், அங்கிருந்து பல கை மாறிச் சிங்கப்பூர் வந்தது! அந்த டாங்கியில் ஆறு ஆறாக இரண்டு சுழல் பெட்டிகளில் 12 குண்டுகள் தயாராக இருக்கும். அவை தீர்ந்தால், உள்ளிருப்போர் வெளியே இறங்கிப் போய்த்தான் பெட்டியை நிரப்ப வேண்டும். சண்டை நடுவில் இது எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது சிங்கப்பூரிடம் லெப்பர்ட் 2 இருக்கிறது, 120 மில்லிமீட்டர். மலேசியாவிடம் போலந்திலிருந்து வந்த 48 பெண்டேகார் டாங்கிகள், 125 மில்லிமீட்டர். பாலத்துக்கு இந்தப் பக்கக் குண்டு அந்தப் பக்கக் குழாயில் நுழையாது. பெண்டேகாரின் உடம்பெங்கும் ஓடு ஒட்டினாற்போலச் சிறு பெட்டிகள் இருப்பதை மெர்டேக்கா அணிவகுப்பில் பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம். அவற்றுக்குள்ளும் வெடிமருந்துதான். வந்து பாயும் செம்புக் கம்பியை, தானே வெடித்துக் கலைத்துவிடுவதற்காக.

அண்மைக் காலத்தில் புதிய குண்டு ஒன்று வந்திருக்கிறது. சுடுவதற்குச் சற்று முன், "பட்டதும் வெடி" என்றோ, "சுவரைத் தாண்டி உள்ளே போய் வெடி" என்றோ, "ஆட்களின் தலைக்கு மேலே வானத்தில் வெடி" என்றோ மின்சாரத்தின் மூலம் அதற்குக் கட்டளை கொடுத்துவிடலாம். ஜெர்மனியும் அமெரிக்காவும் இவ்வகை செய்கின்றன. ஒரே குண்டு பல வேலை பார்க்கும். சாங்கியில் அன்று இல்லாமல் போனது இப்போது ஒரே குண்டுக்குள் வந்துவிட்டது என்று சொல்லலாம். எதிரி டாங்கியைத் துளைக்க மட்டும் ஈட்டியைத் தனியே வைத்துக்கொள்கிறார்கள்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். மண்ணுக்குள் புதைந்து வெடிக்கும் குண்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? சுட்ட குண்டுகளில் ஒரு பங்கு வெடிக்காமலேயே புதைந்துவிடும். விமானத்திலிருந்து போட்ட குண்டுகளும் அப்படியே. 2023 செப்டம்பரில் சிங்கப்பூரில் மேல் புக்கிட் தீமா சாலையில் கட்டட வேலைக்கு மண் தோண்டியபோது, 100 கிலோ விமானக் குண்டு ஒன்று அகப்பட்டது. 80 ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடந்த குண்டு. அதை அங்கிருந்து நகர்த்துவதுகூட ஆபத்து என்று, சுற்றியிருந்த 4,000-க்கும் மேற்பட்ட மக்களை அப்புறப்படுத்திவிட்டு, இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள்.

மறுநடவுக்காகக் கிழட்டு மரங்களைச் சாய்த்து இயந்திரத்தால் மண்ணைப் புரட்டும்போதும், ஓடை வெட்டும்போதும், இத்தகைய இரும்பு தோட்டத்திலும் மேலே வரலாம். துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்துச் செத்துப்போன குண்டு என்று நினைக்க வேண்டாம். துருப்பிடிப்பது வெளி ஓடுதான். உள்ளே இருக்கும் மருந்துக்கு வயதாவதில்லை. வெடிமூட்டியோ பழசாகப் பழசாக இன்னும் நம்பத்தகாததாகிறது. பழைய இரும்புக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று அதைச் சுத்தியலால் தட்டுவதோ, அறுப்பதோ, லயத்துக்குத் தூக்கி வருவதோ கூடவே கூடாது. பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கவும் கூடாது.

நீண்டு உருண்ட, ஒரு முனை கூரான கனத்த இரும்பைக் கண்டால், தொடாமல் அதே இடத்தில் விட்டுவிடுங்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு குச்சியை நட்டு, துணி கட்டி அடையாளம் வையுங்கள். பக்கத்தில் வேலை செய்பவர்களை விலகச் சொல்லுங்கள். இயந்திரம் ஓட்டுபவரை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு தோட்ட அலுவலகத்தில் கிராணியாரிடமோ மேலாளரிடமோ சொல்லி, 999 என்ற எண்ணுக்குப் போன் செய்து போலீசாருக்குத் தெரிவியுங்கள். குண்டை அகற்றுவதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் அவர்களிடம் இருக்கிறார்கள். அவர்கள் வந்து சேரும்வரைக்கும் அந்த வரிசை மரங்களில் பால் எடுக்கப் போக வேண்டாம். மங்கில் இருக்கும் பால் அன்றைக்குக் கட்டிப்போனாலும் போகட்டும்.